ஆளுநர் ஒரு கட்சி, செனட்டர் எதிர்க்கட்சி: இப்படி வாக்களிப்பது முரண்பாடா?

2022 அக்டோபர் 23

ஒரே தேர்தலில் ஆளுநர் பதவிக்கு ஒரு கட்சிக்கும் செனட்டர் பதவிக்கு அதன் எதிர்க்கட்சிக்கும் வாக்களிப்பதில் ஏதேனும் முரண்பாடு உண்டா? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 17ஆம் தேதியே முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கிவிட்டது. குடியுரிமை பெற்றபின் நான் வாக்களிக்கப் போகும் முதல் பொதுத்தேர்தல் இது. ஆளுநராகக் குடியரசுக் கட்சியின் பிரையன் கெம்ப் தொடரட்டும், செனட்டராக ஜனநாயகக் கட்சியின் ரஃபேல் வார்னாக் தொடரட்டும் என்பது என் எண்ணம். (இங்கே ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், நம் ஊர் ராஜ்பவனை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டாம்.) ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று என் மனைவி சிரிக்கிறாள்.

என் வாதம் இதுதான். வெள்ளை மாளிகை, நாடாளுமன்றத்தின் இரு அவைகளான செனட், பிரதிநிதிகள் சபை ஆகிய மூன்றும் ஒரே கட்சியின் கையில் இருப்பதைவிட, அவற்றுள் ஒன்றாவது எதிர்க்கட்சியிடம் இருப்பது நாட்டுக்கு நல்லது. இதைப் பிரிந்த ஆட்சி என்று அழைக்கிறேன். 1983-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதியோர் ஓய்வூதிய நிதி வற்றிப்போகும் நிலையில் இருந்தது. ஜனாதிபதி ரேகன் குடியரசுக் கட்சிக்காரர். பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது. வரியை உயர்த்துவதும் ஓய்வு வயதைப் படிப்படியாக 67 ஆக்குவதும் எந்தக் கட்சியும் தனியாகச் செய்யத் துணியாத காரியங்கள். இரு கட்சிகளும் சேர்ந்து செய்ததால் பழியைப் பங்கு போட்டுக்கொண்டன. அடுத்த தேர்தலில் ஒருவரை ஒருவர் அதற்காகக் குற்றம் சாட்ட முடியவில்லை. பழியைப் பகிர ஆள் இருந்தால்தான் கசப்பு மருந்தைக் கொடுக்க ஆட்சியாளருக்குத் துணிவு வருகிறது.

2022 அக்டோபர் 24

நேற்று எழுதியதில் ஓட்டை இருப்பதை ஒரு நண்பர் ஒரே வரியில் காட்டிவிட்டார். ஜனாதிபதி பைடன் ஜனநாயகக் கட்சி. பிரிந்த ஆட்சிதான் வேண்டுமென்றால், செனட்டுக்கு வார்னாக்கின் எதிர்வேட்பாளர் ஹெர்ஷல் வாக்கருக்கு அல்லவா நான் வாக்களிக்க வேண்டும்?

சரிதான். இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிவிட்டேன். வாக்கைப் பிரித்துப் போடுவது வாக்காளரின் செயல். பிரிந்த ஆட்சி பல கோடிப் பேரின் வாக்குகள் சேர்ந்து விளைவிக்கும் நிலை. ஒன்றிலிருந்து மற்றொன்று தானாக வந்துவிடாது. ஜனாதிபதியின் பதவிக்காலத்துக்கு நடுவில் வரும் இதுபோன்ற தேர்தலில் அவருடைய கட்சி பெரும்பாலும் பிரதிநிதிகள் சபையில் இடங்களை இழக்கும் என்பதால், பிரிவு எப்படியும் வந்துவிடும், நான் செனட்டில் ஆளைப் பார்த்து வாக்களிக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சமாதானம் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

2022 அக்டோபர் 30

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டால், என் சொந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும். நான் 2004-இல் எச்-1பி என்ற வேலை விசாவில் வந்தவன். எச்-1பி என்ற விசாவை இன்றைய வடிவில் உண்டாக்கியது 1990ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம். அதில் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சியின் மூத்த புஷ். அதை நிறைவேற்றிய இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தன. செனட்டில் அந்த மசோதாவுக்காக உழைத்தவர்களில் ஜனநாயகக் கட்சியின் எட்வர்டு கென்னடியும் குடியரசுக் கட்சியின் ஆலன் சிம்ப்சனும் முக்கியமானவர்கள்.

எச்-1பி அதிகபட்சம் ஆறு ஆண்டுகள்தான். என் ஆறு ஆண்டுகள் 2010-இல் முடிந்தன. கிரீன் கார்டுக்கான என் மனு 2008-இல் போடப்பட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற விதியால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை மட்டும் ஆடி மாதக் கோவில் கூட்டம் போல நீண்டுகொண்டே போகும். அப்போது என்னையும் என்னைப் போன்ற பல்லாயிரம் பேரையும் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பாமல் காத்தது 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த ஒரு சட்டம். மனு நிலுவையில் இருந்தால் ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் விசாவை நீட்டித்துக்கொள்ளலாம் என்று அது வழி செய்தது. அதில் கையெழுத்திட்டவர் ஜனநாயகக் கட்சியின் கிளின்டன்; நிறைவேற்றியது குடியரசுக் கட்சியின் பெரும்பான்மை கொண்ட இரு அவைகள்.

2016 கோடையில் கிரீன் கார்டு வந்தது. ஆக, நான் உள்ளே வந்த கதவும் நான் தங்கியிருந்த திண்ணையும் பிரிந்த ஆட்சிகள் கட்டியவை. எனக்கு அதன்மேல் பிரியம் வராமல் எப்படி இருக்கும்?

2022 நவம்பர் 2

மூன்று நாள் யோசித்ததில் அந்தப் பிரியம் கொஞ்சம் கலைந்துவிட்டது. முதலாவதாக, 1965ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன்பு இந்தியாவுக்கான ஆண்டு ஒதுக்கீடு வெறும் 100. நாட்டைப் பார்த்து ஒதுக்கும் அந்தப் பழைய முறையை ஒழித்த சட்டம் வந்தபோது ஜனாதிபதி ஜான்சனும் இரு அவைகளும் ஒரே கட்சி. ஆசியர்கள் பெருவாரியாக இங்கே வர முடிந்ததே அதனால்தான். எனவே, திண்ணையும் கதவும் வேறு யாரோ கட்டியிருக்கலாம்; வீட்டுக்கு அடித்தளம் போட்டது ஒன்றுபட்ட ஆட்சி. ஆனால் அதையும் கூர்ந்து பார்த்தால், ஆளும் கட்சியின் தென் மாநில உறுப்பினர்கள் பலர் எதிர்த்து வாக்களித்தார்கள். எதிர்க்கட்சியினரில் பெரும்பான்மையோர் ஆதரித்தார்கள். கட்சிகள் அப்போது உள்ளுக்குள்ளேயே பிரிந்திருந்தன.

இரண்டாவது, இதுதான் எனக்கு வலித்தது. 2013 ஜூனில் செனட் 68-க்கு 32 என்ற கணக்கில் ஒரு பெரிய குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை நிறைவேற்றியது. நாடு வாரியான ஒதுக்கீட்டை வேலைவாய்ப்புப் பிரிவில் அது நீக்கியிருக்கும். நாங்கள் ஒரு வீட்டின் பின்கட்டில் கூடி, இனிப்பெல்லாம் வாங்கிக் கொண்டாடினோம். பிரதிநிதிகள் சபை அப்போது குடியரசுக் கட்சியிடம் இருந்தது. தன் கட்சி உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் விரும்பாத மசோதாவைச் சபைக்குக் கொண்டுவருவதில்லை என்ற எழுதப்படாத விதியைச் சபாநாயகர் ஜான் போனர் பிடித்துக்கொண்டார். இரு கட்சியினரையும் கூட்டி எண்ணினால் பெரும்பான்மை கிடைத்திருக்கும் என்று அப்போது பலரும் சொன்னார்கள். எண்ணிப் பார்க்கவே விடவில்லை. அதுவும் பிரிந்த ஆட்சிதான். 1990-க்கும் 2013-க்கும் இடையில் மாறியது எது?

மூன்றாவது சிறிய விஷயம்: சட்டம் வராதபோது ஜனாதிபதிகள் நிர்வாக விதிகளால் ஒப்பேற்றத் தொடங்குகிறார்கள். எச்-4 விசாவில் (எச்-1பிக்காரரின் குடும்பத்துக்கானது) இருந்த மனைவிமார் சிலருக்கு வேலை அனுமதி கிடைத்தது 2015-இல் ஒபாமா அரசின் விதியால். அடுத்து வந்த டிரம்ப் அரசு அதை நீக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. விதியால் வந்தது விதியால் போகலாம் என்ற பயத்தில் எத்தனை வீடுகளில் வீடு வாங்குவதைத் தள்ளிப்போட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

2022 நவம்பர் 5

நேற்று, முன்கூட்டிய வாக்குப்பதிவின் கடைசி நாளில், நினைத்தபடியே பிரித்து வாக்களித்துவிட்டேன். பக்கத்து அலபாமாவில் வாக்குச்சீட்டின் மேலே கட்சிக்கு ஒரே ஒரு குறி போட்டால் எல்லாப் பதவிகளுக்கும் அந்தக் கட்சிக்கே வாக்கு விழும். டெக்சாஸ் அந்த வசதியை 2020-இல் விட்டது. இங்கே ஒவ்வொரு பதவிக்கும் திரையைத் தொட வேண்டும். விரலுக்கு அந்தச் சிறு வேலை இருப்பது நல்லதென்று தோன்றியது. ஒவ்வொரு தொடுதலிலும் ஒரு கணமாவது பெயரைப் படிக்கிறோம்.

2022 நவம்பர் 13

நான் மட்டும் விசித்திரப் பிறவி இல்லை. கெம்ப் சுமார் 21 லட்சம் வாக்குகள் பெற்று வென்றார். அதே கட்சியின் வாக்கர் சுமார் 19 லட்சம்தான் பெற்றார். ஒரே வாக்குச்சீட்டில், ஒரே கட்சியின் இரண்டு பெயர்களுக்கு நடுவே இரண்டு லட்சம் வாக்குகள் காணாமல் போயின. வார்னாக் முந்தினாலும் 50 சதவீதத்தைத் தொடவில்லை. ஜார்ஜியாவின் விதிப்படி டிசம்பர் 6 அன்று மறுசுற்று.

நேற்றிரவு நெவாடா முடிவு வந்ததில் செனட் ஜனநாயகக் கட்சியிடமே இருக்கும் என்பது உறுதியாகிவிட்டது. மறுசுற்றில் கட்சிக் கணக்கு பெரிதாக ஒன்றும் தொங்கவில்லை. அக்டோபர் 24 அன்று நான் சொன்ன சமாதானம் இப்போது சமாதானமில்லாமலேயே நிற்கிறது. அதிர்ஷ்டத்தால் வாதம் ஜெயிப்பது என் பள்ளிக்கால வழக்கம்.

2022 நவம்பர் 20

"1990-க்கும் 2013-க்கும் இடையில் மாறியது எது?" என்று கேட்டிருந்தேன். எனக்குத் தோன்றும் விடை: கட்சியை மீறினால் கொடுக்க வேண்டிய விலை.

2020 ஜனாதிபதித் தேர்தலில் ஜார்ஜியாவில் பைடன் வென்றது 11,779 வாக்குகளில். 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் இங்கே தேர்தல்களை மேற்பார்க்கும் மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளைக் கண்டுபிடிக்க விரும்புவதாகச் சொன்னார். ராஃபென்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர்; டிரம்புக்கு வாக்களித்தவர். அவர் மறுத்தார். ஆளுநர் கெம்ப்பும் முடிவை மாற்ற மறுத்தார். இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த நேரத்தில் ஜார்ஜியா பிரிந்த ஆட்சியே அல்ல. ஆளுநர், மாநிலச் செயலர், மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகள் எல்லாம் ஒரே கட்சி. அரண் எதிர்க்கட்சியிலிருந்து வரவில்லை. சொந்தக் கட்சிக்காரர் இருவர் தங்கள் பதவியின் கடமையைக் கட்சிக்கு மேலே வைத்ததால் வந்தது.

அதற்கான தண்டனையை இந்த ஆண்டு மே மாத உட்கட்சித் தேர்தலில் (கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல்) கொடுக்க முயன்றார்கள். இருவரும் தப்பித்தார்கள். ஜார்ஜியாவில் வாக்காளர் கட்சிப் பதிவு செய்துகொள்வதில்லை. உட்கட்சித் தேர்தலன்று எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். நான் குடியரசுக் கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கி ராஃபென்ஸ்பெர்கருக்கு வாக்களித்தேன். பக்கத்து வரிசையில் நின்ற என் தெருக்காரர், சைவ வீட்டுப் பிள்ளை மீன் கடையில் நிற்பதைப் பார்த்ததைப் போல என்னைப் பார்த்தார்.

மற்ற மாநிலங்களில் அப்படித் தப்பிக்கவில்லை. 2021 ஜனவரியில் டிரம்பின் மீதான பதவிநீக்கக் குற்றச்சாட்டுக்கு ஆதரவாகப் பிரதிநிதிகள் சபையில் வாக்களித்த குடியரசுக் கட்சியினர் பத்துப் பேர். நால்வர் போட்டியிடாமல் ஒதுங்கினார்கள். நால்வர் உட்கட்சித் தேர்தலில் தோற்றார்கள். இருவர்தான் திரும்பி வருகிறார்கள். வயோமிங்கில் லிஸ் செய்னிக்குக் கிடைத்தது 30 சதவீதத்துக்கும் குறைவு. இதைப் பார்த்த அடுத்த உறுப்பினர் என்ன பாடம் கற்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1974 ஜூலையில் ஜனாதிபதி நிக்சனுக்கு எதிரான முதல் பதவிநீக்கக் குற்றச்சாட்டு பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழுவில் 27-க்கு 11 என்று நிறைவேறியபோது அவர் கட்சியினர் ஆறு பேரே அவருக்கு எதிராக வாக்களித்தார்கள். மூத்த செனட்டர் கோல்டுவாட்டர் உள்ளிட்டோர் நேரில் போய் ஆதரவு இல்லையென்று சொன்ன பின்னர்தான் அவர் விலகினார். எதிர்க்கட்சியின் விசாரணைக்குப் பல் முளைத்தது அந்தச் சொந்தக் கட்சிக்காரர்களால்.

அதனால் என் முதல் நாள் வாதத்தைத் திருத்துகிறேன். அவைகள் பிரிந்திருப்பது மட்டும் போதாது. இரு பக்கமும் விலகி வாக்களிக்கக் கூடிய ஒரு சிலர் இருக்கும்போதுதான் பிரிந்த ஆட்சி பேரம் பேசும். அவர்கள் இல்லாதபோது அது முட்டி நிற்கும்.

2022 டிசம்பர் 2

அப்பாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். தஞ்சைப் பக்கத்து மனிதர். 1967-இலிருந்து ஒரு தேர்தல் விடாமல் உதயசூரியனுக்கு வாக்களித்தவர். "ரெண்டு கட்சிக்கும் ஓட்டு போட்டா உன்னை ரெண்டு கட்சியும் நம்பாதுடா" என்றார். எந்தக் கட்சியும் என்னை நம்பக் கூடாது என்பதுதானே நோக்கம் என்றேன். இந்தப் பையனை அமெரிக்காவுக்கு அனுப்பியது தப்பு என்று அம்மாவிடம் சொல்லியிருப்பார்.

அப்பா கேட்ட அடுத்த கேள்வி நியாயமானது. கொறடா உத்தரவை மீறினால் அங்கே பதவி போகாதா? போகாது. இந்தியாவில் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சியின் உத்தரவுக்கு எதிராக வாக்களிக்கும் உறுப்பினர் தகுதி இழக்க நேரிடும். 1967-க்குப் பிறகு பணத்துக்கும் பதவிக்கும் தாவிய காட்சிகளைப் பார்த்த நாட்டில் அந்தச் சட்டம் வந்ததன் காரணம் புரிகிறது. ஆனால் அதன் விலையாக, மனசாட்சிப்படி மாறி வாக்களிப்பவரும் விலைபோனவரும் ஒரே தட்டில் நிற்கிறார்கள். அமெரிக்காவில் சட்டம் யாரையும் கட்டவில்லை. எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. இருந்தும் பெரும்பாலோர் கொறடா உத்தரவு வந்ததைப் போலவே வாக்களிக்கிறார்கள். கட்டப்படாத மாடு கொட்டிலைவிட்டு நகராமல் நிற்பதற்கு, வெளியே நிற்கும் உட்கட்சித் தேர்தல்தான் காரணம்.

இந்தியாவில் பிரிந்த ஆட்சி உண்டா என்று கேட்ட நண்பருக்கு ஒரு வரி: மாநிலங்களவையில் ஆளும் கட்சிக்குப் பெரும்பான்மை இல்லாத காலங்களில் உண்டு. 2015-இல் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் மத்திய அரசு கொண்டுவர நினைத்த திருத்தம் அங்கே நிறைவேறாத நிலையில் கைவிடப்பட்டது.

2022 டிசம்பர் 7

வார்னாக் வென்றார். வாக்களித்தவர்களுக்குத் தரும் பீச் பழம் போட்ட ஒட்டுவில்லை இரண்டாவது முறையாக என் சட்டையில். துணை ஆளுநர் ஜெஃப் டங்கன், குடியரசுக் கட்சிக்காரர், ஒரு மணி நேரம் வரிசையில் நின்று, இருவரில் எவருக்கும் மனம் வராமல் வாக்களிக்காமலேயே திரும்பிவிட்டதாகச் சொல்லியிருந்தார். வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். இல்லை, அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடித்திருக்கிறது.

2022 டிசம்பர் 10

அரிசோனாவின் செனட்டர் கிர்ஸ்டன் சினிமா நேற்று ஜனநாயகக் கட்சியைவிட்டு விலகிச் சுயேச்சை ஆகிவிட்டார். உடனே பலரும் 2001-ஐ நினைவூட்டுகிறார்கள். அந்த ஆண்டு வெர்மான்ட்டின் ஜிம் ஜெஃபர்ட்ஸ் குடியரசுக் கட்சியைவிட்டு விலகியதால், 50-50 ஆக இருந்த செனட் ஒரே நாளில் எதிர்க்கட்சியின் கைக்கு மாறியது. ஒரே மனிதர் பிரிந்த ஆட்சியை உண்டாக்கினார்.

அதை நான் கொண்டாட வாய் திறந்தபோது நினைவுக்கு வந்தது: ஈராக் போருக்கு அதிகாரம் கொடுத்த 2002 அக்டோபர் வாக்கெடுப்பு நடந்தது அதே செனட்டில்தான். 77-க்கு 23. ஜெஃபர்ட்ஸ் எதிர்த்தார். ஆனால் எந்தக் கட்சியிடம் அவர் செனட்டை மாற்றிக் கொடுத்தாரோ அதன் தலைவர்களே ஆதரித்து வாக்களித்தார்கள். தேர்தலுக்கு ஒரு மாதம் இருந்தது. அரசைக் கேள்வி கேட்கும் அதிகாரம் கையில் இருப்பதும் கேள்வி கேட்பதும் வேறு வேறு.

2022 டிசம்பர் 17

நாடு வாரியான ஒதுக்கீட்டை நீக்கும் மசோதா இந்த வாரம் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வருமென்று பட்டியலில் இருந்தது, எடுத்துவிட்டார்கள். இப்போது மூன்றும் ஒரே கட்சியிடம். 2019-இல், சபை ஜனநாயகக் கட்சியிடமும் வெள்ளை மாளிகையும் செனட்டும் குடியரசுக் கட்சியிடமும் இருந்தபோது, இதே நோக்கமுள்ள மசோதா அதே சபையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட்டும் தன் வடிவத்தை ஆட்சேபமின்றி நிறைவேற்றியது. இரண்டு வடிவங்களையும் பொருத்துவதற்குள் அவையின் காலம் முடிந்துவிட்டது. இதிலிருந்து எந்தக் கொள்கையையும் என்னால் கறக்க முடியவில்லை. என் அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பையனுக்கு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.

2023 ஜனவரி 7

நவம்பர் தேர்தலில் பிரதிநிதிகள் சபை குடியரசுக் கட்சியிடம் போய்விட்டது. அதன் சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கப் பதினைந்து சுற்று. நூறு ஆண்டுகளில் முதல் சுற்றில் முடியாமல் போனது இதுவே முதல்முறை. நேற்று நள்ளிரவு வரை விழித்திருந்து பார்த்தேன். ஐபிஎல் இறுதிப்போட்டிக்குக்கூட இவ்வளவு நேரம் விழித்ததில்லை. அந்தக் கட்சியின் கெவின் மெக்கார்த்தி வென்றுவிட்டார். தனி ஓர் உறுப்பினர் நினைத்தால்கூட அவரை நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவரலாம் என்று ஒப்புக்கொண்டுதான் வென்றார்.

கட்சியை மீறும் ஒரு சிலர் வேண்டும் என்று நவம்பர் 20 அன்று எழுதினேன் அல்லவா? இதோ இருபது பேர் மீறினார்கள். நான் கேட்டது இந்த வகை மீறல் இல்லை. இவர்கள் எதிர்க்கட்சியோடு பேரம் பேச மீறவில்லை. பேரமே பேசக்கூடாதென்று மீறினார்கள். ஜனநாயகக் கட்சியிலிருந்தும் ஒருவர்கூட மாறி வாக்களித்து முடிச்சை அவிழ்க்க முன்வரவில்லை, வேடிக்கை பார்த்தார்கள்.

2023 பிப்ரவரி 19

பிரிந்த ஆட்சிக்கு ஆதரவாகப் பலரும் எடுத்துவைக்கும் சீட்டு கிளின்டன் காலத்து உபரி பட்ஜெட். 1998 முதல் 2001 வரை நான்கு நிதியாண்டுகள் மத்திய அரசின் வரவு செலவில் உபரி இருந்தது. ஜனாதிபதி ஒரு கட்சி, அவைகள் மற்றொரு கட்சி. நானும் பல இடங்களில் இதைச் சொல்லியிருக்கிறேன். பாதிதான் உண்மை. அந்த உபரிக்குப் பின்னால் மூன்று விஷயங்கள் உண்டு. 1990-இல் மூத்த புஷ் புதிய வரி இல்லை என்ற தம் வாக்குறுதியை உடைத்து எதிர்க்கட்சியோடு செய்த ஒப்பந்தம் ஒன்று. அதற்காகச் சொந்தக் கட்சி அவரை மன்னிக்கவில்லை, 1992-இல் தோற்றார். 1993-இல் ஒன்றுபட்ட ஆட்சியில் ஒரு குடியரசுக் கட்சி வாக்குகூட இல்லாமல், சபையில் 218-க்கு 216, செனட்டில் துணை ஜனாதிபதியின் வாக்கால் தப்பித்த வரி உயர்வு இரண்டாவது. பங்குச் சந்தைக் கொழுப்பில் பெருகிய வரி வருமானம் மூன்றாவது. 1997-இன் இரு கட்சி ஒப்பந்தம் இதன்மேல் வந்தது.

யேல் பல்கலைக்கழகத்தின் டேவிட் மேஹ்யூ இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நான்கு பதிற்றாண்டுகளின் முக்கியச் சட்டங்களைக் கணக்கெடுத்து, ஆட்சி ஒன்றுபட்டதா பிரிந்ததா என்பதால் சட்டங்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடில்லை என்று 1991-இல் காட்டினார். அக்டோபரில் இருந்த நான் இதைக் கேட்டு முகம் சுளித்திருப்பேன். இப்போது அது எனக்குச் சாதகமாகவே படுகிறது: பிரிந்தால் எதுவும் நடக்காது என்ற பயத்துக்காவது விடை கிடைக்கிறது. ஆனால் அந்தப் பதிற்றாண்டுகளில் கட்சிகளுக்குள் இருந்த கலப்பு இன்று இல்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2023 ஜூன் 4

கடன் உச்சவரம்பு, அதாவது அரசு எவ்வளவு கடன் வாங்கலாம் என்று சட்டம் போட்ட எல்லை. நாளை கஜானா வற்றிவிடும் என்று நிதியமைச்சகம் தேதி குறித்திருந்தது. அந்த எல்லையைத் தளர்த்தும் சட்டத்தில் பைடன் நேற்றுத்தான் கையெழுத்திட்டார். சபையில் 314-க்கு 117. ஆதரவில் 149 பேர் குடியரசுக் கட்சி, 165 பேர் ஜனநாயகக் கட்சி. செனட்டில் 63-க்கு 36.

2011-இல் இதே நாடகம் நடந்தபோது எனக்கு கிரீன் கார்டு இல்லை, சேமிப்பும் குறைவு. ஆகஸ்ட் 2 அன்று சட்டம் வந்தும், மூன்று நாள் கழித்து ஸ்டாண்டர்டு அண்டு புவர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் கடன் தரத்தை முதல்முறையாக ஒரு படி குறைத்தது. அன்றைக்கு என் ஓய்வூதியக் கணக்கு ஒரு வாரத்தில் பட்ட அடியை இன்னமும் மறக்கவில்லை. இம்முறை மே மாதம் முழுவதும் அந்தக் கணக்கைத் திறந்து பார்ப்பதில்லை என்று விரதம் இருந்தேன்.

இருந்தாலும் இந்த ஒப்பந்தத்தில் எனக்கு ஒரு திருப்தி உண்டு. இரு கட்சிகளின் ஓரங்களும் எதிர்த்தன. நடுவில் இருந்தவர்கள் சேர்ந்து நிறைவேற்றினார்கள். 2013-இல் போனர் எண்ண விடாத கணக்கை மெக்கார்த்தி எண்ண விட்டார். நிதி மசோதா நிறைவேறாமல் அரசு அலுவலகங்கள் மூடப்படும் முடக்கங்களுக்கும் பிரிந்த ஆட்சியே காரணம் என்பவர்களுக்கு ஓர் இடைச்செருகல்: 2018 டிசம்பர் 22 அன்று தொடங்கி 35 நாள் நீடித்த முடக்கம், மூன்றும் ஒரே கட்சியிடம் இருந்தபோது தொடங்கியது, சபை கைமாறியது ஜனவரி 3 அன்றுதான்.

2023 ஆகஸ்ட் 2

ஃபிட்ச் நிறுவனமும் நேற்று அமெரிக்காவின் கடன் தரத்தை ஒரு படி குறைத்துவிட்டது. ஜூன் 4 அன்று எழுதிய திருப்தியிலும் ஒரு படி குறைத்துக்கொள்கிறேன்.

2023 அக்டோபர் 4

செப்டம்பர் 30 அன்று, முடக்கத்துக்குச் சில மணி நேரம் முன்பு, மெக்கார்த்தி இடைக்கால நிதி மசோதாவைச் சபைக்குக் கொண்டுவந்தார். 335-க்கு 91. ஆதரித்தவர்களில் எதிர்க்கட்சியினரே அதிகம். அரசு திறந்திருந்தது. அதற்கு மூன்றாம் நாள், நேற்று, 216-க்கு 210 என்ற கணக்கில் அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் சபாநாயகர் ஒருவர் வாக்கெடுப்பில் நீக்கப்படுவது இதுவே முதல்முறை. அவர் கட்சியினர் எட்டுப் பேர். ஜனநாயகக் கட்சியினர் 208 பேர்.

எட்டுப் பேரைத் திட்டுவது எளிது. எனக்கு உறுத்துவது 208. அவர்களுக்கு மெக்கார்த்தியை நம்ப வேண்டிய கடன் எதுவும் இல்லை என்பதும், அடுத்த நாளே தொலைக்காட்சியில் அவர்களைக் குறைசொன்னவர் அவர் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் தங்களோடு பேரம் பேசிய ஒருவர் அதற்காகவே தண்டிக்கப்படும்போது ஒருவர்கூட எழுந்து விலகி நிற்கவில்லை. நாளைய சபாநாயகர் இதிலிருந்து எதைக் கற்பார்? நவம்பர் 20 அன்று வயோமிங்கைப் பற்றி எழுதியதை அங்கே எடுத்து இங்கே ஒட்டலாம். கட்சிப் பெயரை மட்டும் மாற்ற வேண்டும்.

பிரிந்த ஆட்சி வேண்டுமா என்று இப்போது கேட்டால், வேண்டும் என்றே சொல்வேன், குரல் கொஞ்சம் தாழ்ந்து. கேள்வி கேட்க ஆள் இல்லாத வீட்டைவிட, சண்டை நடக்கும் வீடு எனக்குப் பரவாயில்லை.

2023 நவம்பர் 5

செவ்வாய்க்கிழமை எங்கள் நகராட்சித் தேர்தல். வாக்குச்சீட்டின் மாதிரியை எடுத்துப் பார்த்தேன். நகர மன்றத்துக்கு இரண்டு பெயர்கள். பெயருக்குப் பக்கத்தில் கட்சியே இல்லை, நகராட்சித் தேர்தல் இங்கே கட்சி சாராதது. ஓராண்டாகக் கட்சிப் பற்றைக் கண்டித்து எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு, அந்த இரண்டு பெயர்களில் ஒருவரையும் தெரியவில்லை. முதலில் என் விரல் தேடியது கட்சிப் பெயரைத்தான். அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து இருந்திருந்தால் ஐந்து நொடியில் முடித்திருப்பேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்சி என்பது அவசரக்காரனுக்கு உதவும் தகவலும்கூட என்பதை இத்தனை குறிப்புகளில் எங்கேயும் நான் எழுதவில்லை.

மனைவியிடம் கேட்டேன். பழைய அங்காடி வளாகத்தை இடித்து அடுக்குமாடி கட்டும் திட்டத்துக்கான மூன்று விசாரணைக் கூட்டங்களுக்கும் அவள் போயிருக்கிறாள். இருவரும் என்ன பேசினார்கள், யார் போக்குவரத்துக் கணக்கைக் கேட்டார், யார் தூங்கினார் என்பது வரைக்கும் சொன்னாள். இருவரில் யாருக்கு என்று கேட்டதற்கு, "நீங்க படிச்சிட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் சண்டை போடலாம்" என்று கூட்டக் குறிப்புகளை என் பக்கம் தள்ளிவிட்டாள். நாற்பத்திரண்டு பக்கம் இருக்கிறது.